வீட்டுக்கு ஏற்ற மெயின் சுவிட்ச் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் தென்னாப்பிரிக்காவின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்பையும் இங்கே நடைமுறையில் உள்ள சான்ஸ் 10142-1 வயரிங் விதியையும் வைத்து எழுதியவை. நீங்களே பெட்டியைத் திறந்து வேலை செய்வதற்காக எழுதவில்லை. எலக்ட்ரீஷியன் தரும் விலைப்பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வி கேட்கவும் இது உதவும்.

1. மெயின் சுவிட்ச்னு எதைச் சொல்றீங்க? ரோட்டோர மீட்டர் பெட்டில இருக்கறதா, வீட்டுக்குள்ள இருக்கறதா?

இரண்டும் வேறு. ரோட்டோரப் பெட்டியிலோ கம்பத்திலோ இருக்கும் பிரேக்கர் நகராட்சிக்கோ எஸ்காமுக்கோ சொந்தம். உங்கள் இணைப்புக்கு எத்தனை ஆம்பியர் அனுமதி என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. அதற்கு சீல் வைத்திருப்பார்கள். உங்கள் எலக்ட்ரீஷியனும் அதைத் தொடக் கூடாது.

வீட்டுக்குள் டிபி பெட்டியில் (எல்லா அறைக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) முதலாவதாக இருக்கும் பெரிய சுவிட்ச் உங்களுடையது. அதற்கு ‘மெயின் சுவிட்ச்’ என்ற லேபிளும் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதுதான். வெளியே இருப்பதை ‘வெளி பிரேக்கர்’ என்றே சொல்லப்போகிறோம்.

2. லோடு அதிகமானா மெயின் சுவிட்ச் தானா விழணும்தானே? எங்க வீட்ல அது விழுந்ததே இல்லையே.

விழ வேண்டிய வகையாகவே அது இல்லாமல் இருக்கலாம். மெயின் சுவிட்சாக இரண்டு வகைப் பொருள்கள் வருகின்றன. ஒன்று ஐசோலேட்டர். கையால் ஆன், ஆஃப் செய்வது மட்டுமே அதன் வேலை. எத்தனை ஆம்பியர் ஓடினாலும் தானாக விழாது. மற்றது பிரேக்கர், அது லோடு மீறினாலும் ஷார்ட் ஆனாலும் தானாக விழும். முகப்பில் அச்சிட்ட சின்னத்தைப் பாருங்கள். சுவிட்ச் கோட்டின் நுனியில் பெருக்கல் குறி இருந்தால் பிரேக்கர். சிறு வட்டமும் குறுக்குக் கோடும் இருந்தால் லோடு ஓடும்போதே அணைக்கத்தக்க ஐசோலேட்டர். பெருக்கல் குறியோடு குறுக்குக் கோடும் இருந்தால் அந்தப் பிரேக்கரை இணைப்பு துண்டிக்கும் சுவிட்சாகவும் நம்பலாம்.

மெயின் சுவிட்சின் முதல் கடமை, தீயோ ஷாக்கோ நேர்ந்தால் ஒரே கை அசைவில் வீடு முழுவதையும் பாதுகாப்பாகத் துண்டிப்பது. அதனால் ஐசோலேட்டர் வாங்கினால் பயன்பாட்டு வகையைக் கட்டாயம் பாருங்கள். ஏசி-22 அல்லது ஏசி-23 என்றிருந்தால் வீட்டு லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைக்கலாம். ஏசி-20 என்றால் கரன்ட் ஓடாதபோது மட்டுமே திறக்க வேண்டும். அதை வீட்டு மெயினாகப் போடவே கூடாது.

3. சிங்கிள் போல் மலிவா கிடைக்குது. லைவ் ஒண்ணை மட்டும் கட் பண்ணினா போதாதா அண்ணா?

போதாது. சிங்கிள் பேஸ் வீட்டில் மெயின் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போலாகவே இருக்க வேண்டும். நியூட்ரலில் வோல்டேஜ் இருக்காது என்பது எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரைதான் உண்மை. தெருவில் நியூட்ரல் அறுந்தாலோ மீட்டர் பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறிப் பொருத்தப்பட்டாலோ, ‘ஆஃப்’ செய்த வீட்டில் நியூட்ரல் வழியாக உயிர்போகும் அளவுக்கு வோல்டேஜ் வந்து நிற்கும்.

இரண்டு சிங்கிள் போல் சுவிட்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைப்பிடிகளை ஆணியாலோ கம்பியாலோ கட்டுவதும் சரியல்ல. ஒன்று திறந்து மற்றது மூடியபடி நிற்க வாய்ப்புண்டு. தொழிற்சாலையிலேயே இணைத்து வந்த டபுள் போல்தான் வேண்டும்.

4. மூணு பெட்ரூம் வீடு. எத்தனை ஆம்பியர் மெயின் வாங்கணும்?

பெட்ரூமை எண்ணி இதைத் தீர்மானிக்க முடியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: வெளி பிரேக்கர் எத்தனை ஆம்பியர், அங்கிருந்து டிபி பெட்டிக்கு வரும் கேபிள் எவ்வளவு தடிமன்.

மெயின் ஐசோலேட்டர் என்றால் அதன் அளவு வெளி பிரேக்கருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வெளியே 60 என்றால் உள்ளே 63 ஆம்பியர் ஐசோலேட்டர் சரி. வெளியே 80 இருக்க உள்ளே 63 போட்டால், 75 ஆம்பியர் ஓடும்போது வெளியே உள்ளது நிதானமாகத் தாங்கி நிற்கும், உள்ளே உள்ள சுவிட்ச் தன் அளவை மீறிச் சூடாகிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்க எதுவுமே இல்லை. மெயின் ஒரு பிரேக்கர் என்றால் வெளி அளவைவிடக் குறைவாகவும் போடலாம். தன்னையும் தனக்குக் கீழே உள்ளதையும் அது தானே காத்துக்கொள்ளும்.

60 ஆம்பியர் இணைப்பு 13.8 கிலோவாட் தரும், 80 ஆம்பியர் 18.4 கிலோவாட். எஸ்காமின் 20 ஆம்பியர் ஹோம்லைட் இணைப்பு என்றால் 4.6 கிலோவாட்தான், அங்கே மெயினை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் கூடுதலாக ஒரு கெட்டில்கூட ஓடாது.

5. வீட்ல உள்ள சாமான் எல்லாத்தையும் கூட்டினா 90 ஆம்பியருக்கு மேல வருது. அப்ப 60 எப்படிப் போதும்?

கூட்டல் தப்பில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்ற எண்ணம்தான் தப்பு. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் எடுக்கும். நாலு பிளேட் ஸ்டவ், ஓவனோடு எல்லாவற்றையும் முழுதாக எரித்தால் 9 கிலோவாட், 39 ஆம்பியர். கெட்டில் 9, இஸ்திரிப் பெட்டி 9, தண்ணீர் சூடாக்கும் வாஷிங் மெஷின் 9, மைக்ரோவேவ் 6, 12,000 பி.டி.யு. ஏசி 5, ஃபிரிட்ஜ், விளக்கு, டிவி சேர்த்து 3. மொத்தம் 93.

இப்போது சாயங்கால வேளையைப் பாருங்கள். இரண்டு பிளேட்டும் ஓவனும் எரியும். ஓவனின் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு அணைவதால் சராசரி 20 ஆம்பியர் அளவில் நிற்கும். கீசர் 13, கெட்டில் 9, ஏசி 5, மற்றவை 3. ஆக 50. ஆகவே 60 போதும். அந்த நேரத்தில் இன்னொரு கீசரும் எரிந்து, பின்னால் வாடகை அறையில் ஹாட்பிளேட்டும் ஓடினால் 70-ஐத் தாண்டிவிடும். அப்போதும் முதல் மருந்து பெரிய மெயின் இல்லை, கீசருக்கு ஒரு டைமர். இரண்டு கீசரையும் வெவ்வேறு நேரத்தில் ஓட விட்டாலே 13 ஆம்பியர் குறைந்துவிடும்.

தீபாவளிக்கும் ஆடிக் கஞ்சிக்கும் வீட்டில் பெரிய கூட்டம் சேரும். தண்ணீர்க் கொதிகலன், உணவைச் சூடாக வைக்கும் பெட்டி, கூடுதல் ஹாட்பிளேட் எல்லாம் வரும். அன்று காலையிலேயே கீசரை அணைத்துவிட்டால் போதும். வருடத்தில் சில நாளுக்காக மெயினை மாற்றச் செலவு செய்ய வேண்டாம்.

6. 60 அடிக்கடி விழுது. பேசாம 80 போட்டுட்டா நிக்கும்ல?

நிற்காது. நிற்பது போலத் தெரிந்தால் அது அதைவிட ஆபத்து. வெளி பிரேக்கர் 60 ஆகவே இருக்கும்போது உள்ளே 80 போட்டால் இனி வெளியே உள்ளதுதான் விழும். சீல் வைத்த பெட்டி என்றால் நகராட்சி ஆள் வரும்வரை வீடு இருட்டு. வெளியேயும் 80 இருந்து கேபிள் 60-க்கு உரியதாக இருந்தால், மீறும் கரன்ட் முழுவதும் சுவருக்குள் இருக்கும் கேபிளைத்தான் சுடும்.

விழுவதற்குக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரை மெயின் லைவ் வயரில் மாட்டி, சமையல் நேரத்தில் அரை மணி பார்த்தாலே தெரிந்துவிடும். 65-க்கு மேல் ஓடினால் உண்மையான லோடு. 40 தான் ஓடுகிறது, ஆனாலும் விழுகிறது என்றால் பிரேக்கரோ டெர்மினலோ கெட்டிருக்கிறது. லோடு உண்மையிலேயே கூடிவிட்டால் நகராட்சியிடம் 80-க்கு விண்ணப்பியுங்கள். அனுமதி, கேபிள், மெயின் என்ற வரிசையில் மூன்றும் மாற வேண்டும். மெயினை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

7. எந்த கேபிளுக்கு எவ்வளவு தாங்கும்?

பி.வி.சி. உறை போட்ட செப்பு வயரைக் குழாய்க்குள் இழுத்து, சுற்றுச்சூடு 30 டிகிரி இருந்தால்: 6 சதுர மி.மீ. சுமார் 41 ஆம்பியர், 10 சதுர மி.மீ. 57, 16 சதுர மி.மீ. 76, 25 சதுர மி.மீ. 101. மண்ணில் புதைத்த கவச கேபிளுக்கு எண்கள் வேறு. தகரக் கூரைக்கு அடியில் ஓடும் வயருக்கு இன்னும் குறையும். டர்பன் கோடையில் அந்தக் கூரைச் சந்தின் சூடு 30 டிகிரியில் நிற்காது.

இந்த எண்களின்படி 10 சதுர மி.மீ. குழாய் வயர் 60-க்குக்கூட இழுபறி. 80-க்கு 16-ம் போதாமல் 25 தேவைப்படலாம். ஆறாம் பதிலில் கேபிளைச் சேர்த்தே சொன்னது இதனால்தான்.

8. சுவிட்ச் மேல 3 கேஏ, 6 கேஏ, 10 கேஏன்னு போட்டிருக்கே, அது என்ன? பெரிசு வாங்கினா நல்லதா?

ஷார்ட் ஆகும்போது பாயும் பெருங்கரன்ட்டை எத்தனை ஆயிரம் ஆம்பியர் வரை அந்தப் பிரேக்கர் வெடிக்காமல், உருகி ஒட்டாமல் துண்டிக்கும் என்பதே அந்த எண். கடைக்காரர் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. எலக்ட்ரீஷியன் அளந்தே ஆக வேண்டிய ஒன்று. கணக்கு எளிது: மெயின் இடத்தில் லூப் தடை (கரன்ட் வந்து திரும்பும் வயர்ப் பாதையின் மொத்தத் தடை) 0.1 ஓம் என்றால் 230-ஐ 0.1-ஆல் வகுக்க 2,300 ஆம்பியர், அதாவது 2.3 கேஏ. அங்கே 3 கேஏ பிரேக்கர் தாங்கும். டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குப் பக்கத்திலேயே இருந்து தடை 0.04 ஓம் என்றால் 5.75 கேஏ, 3 கேஏ பிரேக்கர் அங்கே வெடிக்கும் பொருள். 6 கேஏ வேண்டும்.

அளந்த எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் போதும். 10 கேஏ வாங்குவதில் தீங்கில்லை, காசுதான் கூடும். ஐசோலேட்டருக்கு ஷார்ட் கரன்ட்டைத் துண்டிக்கும் திறன் கிடையாது. எந்தப் பிரேக்கருக்குப் பின்னால், எத்தனை கேஏ வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் தாளில் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

9. எர்த் லீக்கேஜையே மெயினா வெச்சுக்கலாமா? ஒரு சுவிட்ச் மிச்சமாகுமே.

எர்த் லீக்கேஜ் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது அதுதான். பிளக் பாயின்ட்டுகளுக்கு அது கட்டாயம். அதையே மெயினாக்கினால் கெட்டிலில் தண்ணீர் சிந்தினாலும் வீடு மொத்தமும் அணைந்துவிடும், ஃபிரீசரும் சேர்த்து. கீசர் எலிமென்ட் லேசாகக் கசிந்தாலும் அதே கதி. எது கசிகிறது என்று தேடும்போது பெட்டியைப் பாதுகாப்பாகத் துண்டிக்கத் தனி சுவிட்சும் இருக்காது.

எங்கள் பரிந்துரை, தனி டபுள் போல் மெயின். அதற்குக் கீழே எர்த் லீக்கேஜ்; அதன் கீழே பிளக்குகள். ஸ்டவ்வை நிரந்தரமாக இணைத்திருந்தால் மெயினிலிருந்து தனிப் பிரேக்கரில் எடுக்கலாம். மாதம் ஒருமுறை எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

10. உள்ளேயும் 60, வெளியேயும் 60. ஆனா எப்பவும் வெளியேதான் விழுது. ஏன் ஐயா?

ஒரே அளவில் இரண்டு பிரேக்கர்கள் வரிசையாக இருந்தால் எது முதலில் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரே கரன்ட்தான் ஓடுகிறது. தயாரிப்பில் இருக்கும் சின்ன வித்தியாசமும் பெட்டியின் சூடும் முடிவு செய்துவிடும். வெளியே வெயிலில் காயும் பெட்டியில் வெப்பத் தகடு வகைப் பிரேக்கர் இருந்தால் அது முந்திக்கொள்ளும். இங்கே பரவலாக உள்ள ஹைட்ராலிக்-மேக்னெடிக் வகையில் எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் இரும்புத் தண்டு நகர்ந்து வேலை செய்கிறது. சுற்றுச்சூட்டுக்கு அதன் ஆம்பியர் அளவு அவ்வளவாக அசையாது. சூடான இடத்துக்கு அதுவே நல்லது.

உள்ளே விழ வேண்டும் என்றால் உள்ளே 50 ஆம்பியர் பிரேக்கர் போடுங்கள். மெல்ல ஏறும் லோடுக்கு அது முந்தும். கெட்டியான ஷார்ட் நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே விழலாம். அதைச் சிறு பிரேக்கர்களால் தவிர்க்க முடியாது.

11. மெயின் சுவிட்ச் தொட்டா சூடா இருக்கு, லேசா கருகின வாடையும் வருது. சுவிட்ச் சின்னதா போச்சா?

பெரும்பாலும் அளவு காரணமில்லை, தளர்ந்த டெர்மினல்தான். திருகு சரியாக இறுகாத இடத்தில் தடை கூடும். தடை இருக்குமிடத்தில் சூடு. சூடேறி ஆறும்போது செம்பு நெகிழ்ந்து இன்னும் தளரும். 50 ஆம்பியர் ஓடும்போது 0.02 ஓம் கூடுதல் தடை இருந்தால் அந்த ஒரு திருகில் 50 வாட் சூடு. பழைய சாலிடரிங் இரும்பு அளவு சூடு அது. மெர்பேங்க், இசிபிங்கோ போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று டெர்மினலைப் பச்சையாக அரிக்கும். அங்கே இது விரைவில் வரும்.

கருகிய வாடை வந்தால் லோடுகளை ஒவ்வொன்றாக அணைத்து, பிறகு மெயினை அணையுங்கள். கருகின சுவிட்சைத் திருகி இறுக்கித் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும் சூட்டில் கெட்டிருக்கும். புதிது போடும்போது வயரின் கருகின நுனியை வெட்டி, பளபளப்பான செம்பு வரும்வரை உரித்து, மெல்லிழை வயரானால் நுனியில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கச் சொல்லுங்கள். “கைக்கு இறுகினால் போதும்” என்பது இங்கே செல்லாது.

12. வெள்ளத்துல டிபி முங்கிடுச்சு. காயவெச்சு போட்டுக்கலாமா?

கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குவாசுலு-நாட்டாலில் நிறைய வீடுகளில் எழுந்த கேள்வி இது. பிரேக்கருக்குள் சேறும் உப்பும் தங்கிவிடும். வெளியே காய்ந்தாலும் உள்ளே விழும் பொறிமுறை சிக்கிக்கொள்ளும். மெயின், எர்த் லீக்கேஜ், பிரேக்கர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். கேபிள்களை இன்சுலேஷன் டெஸ்டரால் சோதித்த பிறகே கரன்ட் விட வேண்டும். தண்ணீர் நிற்கும்போது நடந்து போய் மெயினை அணைக்க முயலாதீர்கள். நகராட்சியிடம் சொல்லி வெளியே துண்டிக்க வையுங்கள்.

13. பின்கட்டுல அவுட்பில்டிங் வாடகைக்கு விட்டிருக்கோம். அதுக்குத் தனி மெயின் வேணுமா?

வேண்டும். அங்கே ஒரு துணை டிபி, அதற்கென ஒரு டபுள் போல் மெயின். குடியிருப்பவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் தம் இடத்தைத் துண்டிக்க முடிய வேண்டும். பெரிய டிபியிலிருந்து போகும் கேபிளுக்கு அங்கேயே ஒரு பிரேக்கர். 6 சதுர மி.மீ. செப்பு என்றால் 30 ஆம்பியர் நல்ல அளவு. 30 மீட்டர் தூரத்துக்கு 30 ஆம்பியர் ஓடினால் சுமார் 6.6 வோல்ட் குறையும். விதி அனுமதிப்பது மொத்தம் 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட். தூரம் இரட்டித்தால் 10 சதுர மி.மீ.க்குப் போங்கள்.

வாடகைக்கு விடுபவர் சி.ஓ.சி. சான்றிதழுக்கு (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்று) பொறுப்பாளி என்பதையும் மறக்க வேண்டாம். பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து அறை முழுக்க ஓட்டுவதை எந்தப் பரிசோதகரும் ஏற்க மாட்டார்.

14. ஊர்ல இருந்து வரும்போது நல்ல பிராண்ட் சுவிட்ச் வாங்கிட்டு வந்தேன். போடலாமா அக்கா?

பொருள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் இங்கே பிரேக்கரும் எர்த் லீக்கேஜும் தென்னாப்பிரிக்கக் கட்டாயத் தரக் குறிப்பின்படி என்.ஆர்.சி.எஸ். என்ற அரசுத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொரு சிக்கல் பொருத்தும் முறை. இங்கே பழைய டிபிகளில் பிரேக்கர் தயாரிக்கும் சி.பி.ஐ. நிறுவனத்தின் ஒடுக்கமான மினி ரெயில் இருக்கும். வெளியூர் பிரேக்கர்கள் 35 மி.மீ. டின் ரெயிலுக்கானவை. வாங்கும் முன் பழைய சுவிட்சை முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

15. நானே மாத்திக்கலாமா? ரெண்டு திருகுதானே.

1993-ஆம் ஆண்டின் தொழில் உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2009 மின் நிறுவல் விதிகள், பதிவுபெற்ற ஆள் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்கின்றன. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு சிங்கிள் பேஸ் டெஸ்டர் பதிவே போதும். மூன்று பேஸ் என்றால் இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன் வேண்டும். மெயின் மாற்றினால் அந்த வேலைக்குச் சான்றிதழும் சோதனை அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். வீடு விற்கும்போது இரண்டு வருடத்துக்கு மேற்படாத சி.ஓ.சி. தேவை.

சட்டத்தை ஒதுக்கினாலும் ஒரு காரணம் மிச்சம்: உள் மெயினை அணைத்த பிறகும் அதன் மேல் டெர்மினலில் தெருவிலிருந்து வரும் கரன்ட் நிற்கிறது. அதைத் துண்டிக்கும் இடம் உங்கள் கையில் இல்லை.

16. மூணு பேஸ் வீட்டுக்கு மெயின் எப்படி இருக்கணும்?

மூன்று பேஸும் ஒரே கைப்பிடியில் சேர்ந்து விழ வேண்டும். நியூட்ரலையும் துண்டிக்கும் நாலு போல் வகையில், ‘என்’ என்று குறித்த போலில்தான் நியூட்ரல் வர வேண்டும். ஆன் செய்யும்போது அது முதலில் சேர்ந்து, அணைக்கும்போது கடைசியில் பிரியும்படி செய்திருப்பார்கள். தவறி வேறு போலில் மாட்டினால் நியூட்ரல் ஒரு கணம் முந்திப் பிரியும். சமமில்லாத லோடில் ஏதோ ஒரு பேஸிலுள்ள டிவியும் ஃபிரிட்ஜும் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கிப் பார்க்கும்.

17. சோலார் இன்வர்ட்டர் போட்டாச்சு. மெயினை அணைச்சும் சில பிளக்ல கரன்ட் இருக்கு. இது சரியா?

இன்வர்ட்டர் வேலை செய்கிறது என்று பொருள். பழைய மெயின் இனி தெருக் கரன்ட்டை மட்டுமே துண்டிக்கும். அதனால் இன்வர்ட்டரின் வெளியேறும் பக்கத்துக்கு இன்னொரு டபுள் போல் மெயின் வேண்டும். இரண்டு டிபிகளிலும் ‘வேறு மின்மூலமும் உண்டு’ என்ற எச்சரிக்கைப் பலகை கட்டாயம். தீயணைப்பு வீரர் உங்கள் பழைய மெயினை அணைத்துவிட்டுத் தண்ணீர் அடிக்கத் தொடங்குவார் என்பதை நினைத்துப் பாருங்கள். நகராட்சியிடம் இன்வர்ட்டரைப் பதிவு செய்வதும் வேண்டும்.

தெருவா, இன்வர்ட்டரா என்று மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் 1-0-2 வகையாக, ஒன்று பிரிந்த பிறகே மற்றது சேரும்படி இருக்க வேண்டும். அதன் ஆம்பியர் அளவுக்கும் நாலாம் பதிலின் கணக்குதான். ஜெனரேட்டரை சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரன்ட் விடுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். அது தெருவுக்கு ஏறி லைன்மேனைக் கொல்லும்.

18. தெருக் கரன்ட் போனதும் இன்வர்ட்டர்ல ஓடுது, ஆனா எர்த் லீக்கேஜ் டெஸ்டர்ல சோதிச்சா விழ மாட்டேங்குது. சுவிட்ச் பழுதா?

சுவிட்சில் பழுது இருக்காது, நியூட்ரலில் பாருங்கள். மூன்றாம் பதிலில் சொன்னபடி லைவும் நியூட்ரலும் சேர்ந்தே துண்டிக்கப்படுகின்றன. தெருவோடு இருந்த நியூட்ரல்-எர்த் இணைப்பும் அதோடு போய்விடுகிறது. இன்வர்ட்டர் தனியாக ஓடும்போது அதன் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும்; கசியும் கரன்ட் திரும்பி வர வழியில்லை, எர்த் லீக்கேஜ் விழ வாய்ப்பில்லை. பெட்டியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மட்டும் விழும். அது எர்த்தை நம்பி இயங்குவதில்லை. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

தெருக் கரன்ட் போனவுடன் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, திரும்பி வந்ததும் பிரித்துவிடும் ரிலே ஒன்று வேண்டும். சில இன்வர்ட்டர்களில் அதற்கான அவுட்புட் உள்ளேயே இருக்கும். நிரந்தரமாக ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் தெருக் கரன்ட் வரும்போது நியூட்ரல் கரன்ட்டின் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும். எர்த் லீக்கேஜ் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். பொருத்தியவரைக் கூப்பிட்டு, மெயினை அணைத்த நிலையில் பிளக் டெஸ்டரால் 30 மில்லி ஆம்பியர் சோதனையைக் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது என்ற எண்ணைச் சோதனை அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.